போணி ரத்தம்

கருமாதி முடிந்த நான்காம் நாள் இசைவாணி ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள். போகாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அழ வேண்டியவர்கள் அழுது முடித்திருந்தார்கள். பந்தல்காரன் கழிகளை உருவிக்கொண்டு போயிருந்தான். காரைக்காட்டு நிறுத்தத்தில் சிதம்பரம் பஸ் நின்றது, ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்தாள். சிப்காட் தொழிற்பேட்டை வாசனை ஆலப்பாக்கம் வரை கூட வந்துவிட்டு இறங்கிக்கொண்டது. அப்பா சாமிக்கண்ணு செத்து இருபது நாள் ஆகிறது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வராததைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை.

கருமாதியன்று அத்தை தங்கம்மாள் பந்தியில் வைத்து, எல்லோரும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஏண்டி வாணி, எங்கண்ணன் ரத்தத்த எடுத்து ஒன் மிஷின்ல போட்டு பாத்தியாமே? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சாரே மனுசன். அப்ப ஒனக்கு ஒண்ணுமே தெரியலியா? படிச்ச பொண்ணுதான நீ?"

"அது டாக்டர் மிஷின் இல்ல அத்த."

"பின்ன என்னா மிஷினு?"

"பிசிக்ஸ்."

"அது எதுக்கு ஆவுது?"

அம்மா மங்கலம் சாம்பார் வாளியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். 'வுடு தங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள்.

படிச்ச பொண்ணு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அன்றிலிருந்து கரண்டுக்காரன் நோட்டீஸ், ரேஷன் கார்டில் பிழையான பெயர், யாரோ ஒரு சித்தப்பாவின் முட்டிவலி மாத்திரை, எல்லாம் அவள் கைக்கு வரும். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்: "நான் டாக்டருக்குப் படிக்கல." முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் சும்மா சொன்னாள். ஆய்வுப் படிப்புக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷத்தில் கத்திச் சொல்ல ஆரம்பித்தாள். அதன் பிறகு வீட்டில் யாரும் அட்டையைக் கொண்டுவரவில்லை.

கல்லூரி சிதம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஆய்வுக்கூடம் கீழ்த்தளத்தில், கடைசி அறை. உள்ளே ஏழடிக்கு நாலடியில் ஒரு கருங்கல் பலகை. சமையல் மேடைக்கென்று அறுத்துவைத்த கல்லைப் பேராசிரியர் ராமாமிர்தம் வாங்கிவந்து, அடியில் ஆறு ஸ்கூட்டர் டியூபைக் காற்றடித்துப் போட்டிருந்தார். அதிர்வு தாங்கும் வெளிநாட்டு மேசை வாங்க வழியில்லாததால் இந்த ஏற்பாடு. கல்லின் மேல் ஒரு சிவப்பு லேசர், சில கண்ணாடிகள், ஒரு லென்ஸ், ஒரு கேமரா. லேசர் ஒளி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ரத்தச் செல்லுக்குள் புகுந்து வரும், மறுபாதி எதையும் தொடாமல் சும்மா வரும். இரண்டும் கேமராவில் சேரும்போது வரி வரியாக விழும். செல் இருக்கிற இடத்தில் வரி கொஞ்சம் வளையும். வளைந்த அளவை வைத்துச் செல்லின் மேடுபள்ளத்தைக் கணினி போட்டுக் கொடுத்துவிடும். சாயம் ஏற்ற வேண்டாம். சாயம் ஏற்றினால் செல் செத்துப்போகும். இதில் உயிரோடு பார்க்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. படம் எடுக்கும்போது தெளிவாக இல்லாவிட்டால் பாதகமில்லை. அந்த வரிகள் பத்திரமாக இருந்தால் போதும். எத்தனை மாதம் கழித்தும், தூரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, மங்கலாக இருந்ததைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

போன வருஷம் சித்திரை வரை அகலப்பாதை வேலைக்காக ரயில் நின்றிருந்தது. அப்போது வரிகள் கோடு போட்டமாதிரி நின்றன. ரயில் மறுபடி ஓட ஆரம்பித்ததும் வண்டிக்கு வண்டி வரிகள் ஆடின. ஆடி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இந்த அறையின் வழக்கம்.

"வாம்மா," என்றார் ராமாமிர்தம். "எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"மனச தேத்திக்கணும்."

"ம்."

மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். நம்முடைய கட்டுரைக்குப் பத்திரிகையிலிருந்து வந்த கேள்விகள் என்றார். எல்லாம் சில்லறைக் கேள்விகள். ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் அவரே பதில் எழுதியிருந்தார். மீதியிருந்த கேள்வியின் சாரம் இதுதான்: நோயில்லாதவர்கள் இருபது பேரிடம் ரத்தம் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். அட்டவணையில் பத்தொன்பது பேர்தான் இருக்கிறார்கள். ஒருவர் எங்கே?

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். ஒரே ஒரு வரி. ஏழாம் நம்பர்தான் அது. உப்புக் கரைசல் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நோட்டுல நீயே எழுதிவெச்சிருக்க. அதையே போட்டுடு."

இசைவாணி தாளை வாங்கிக்கொண்டாள். நோட்டில் பெயர் எழுதுவதில்லை. எண், ஆணா பெண்ணா, வயது, அவ்வளவுதான். ஏழாம் எண்: ஆண், 51. அதற்கு எதிரே அவள் கையெழுத்தில், 'செல்கள் முள் முள்ளாக உள்ளன. உப்புக் கரைசல் தவறு. நீக்கம்.' ஏழாம் எண் யார் என்பது ராமாமிர்தத்துக்கு நினைவில்லை.

அது போன ஆவணியில், ஒரு சனிக்கிழமை. ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்காமல் தெரிந்தவர்களையெல்லாம் வரச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். சாமிக்கண்ணு சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில் ஒப்பந்த ஆளாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட் இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்ற வெகுநேரம் குனிந்துகொண்டிருந்தார். கூடப் படிக்கிற ஆரிபா, "வாங்க மாமா, செருப்போடவே வாங்க, இது என்னா கோயிலா?" என்றாள். "எம்பொண்ணு வேல செய்யற எடம்மா," என்று சொல்லி, கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

விரலில் குத்தினாள். ஒரு சொட்டு எடுத்துக் காலையில் கரைத்த உப்புத் தண்ணீரில் கலந்து, கண்ணாடியில் வைத்தாள்.

"சாயம் கீயம் போட வேணாமா பாப்பா?"

"வேணாம்ப்பா. சாயம் போட்டா செத்துடும்."

"அப்ப எங்க கம்பெனிய மூடிட சொல்லு."

ஆரிபா சிரித்தாள். திரையில் வரிகள் விழுந்தன. சாமிக்கண்ணு கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இதுவா ரத்தம்? லுங்கி டிசைன் மாதிரி இருக்கு."

"இருப்பா. இன்னும் கணக்கு போடல."

கணக்குப் போட்டதும் செல்கள் எழுந்து வந்தன. நடுவில் விரலால் அமுக்கிய உளுந்துவடை மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். இவை அப்படி இல்லை. ஊமத்தங்காய் ஊமத்தங்காயாக, சுற்றிலும் முள் நீட்டிக்கொண்டு நின்றன. இசைவாணி உச்சுக்கொட்டினாள்.

"என்னா பாப்பா?"

"உப்பு ஜாஸ்தியாயிடுச்சுப்பா. தண்ணியில உப்பு ஏறிப்போனா செல்லு சுருங்கி இப்படித்தான் முள்ளா நிக்கும்."

"என் ரத்தமா?"

"இல்லப்பா. நான் கரைச்ச தண்ணி."

"அப்ப சரி," என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது. தன் ரத்தம் மகளுக்கு உதவாமல் போய்விட்டதோ என்றுதான் பயந்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. இன்னொரு நாள் வரட்டுமா என்று கேட்டார். பார்க்கலாம்ப்பா என்றாள். இன்னொரு நாள் வரவில்லை. அவர் செருப்பு மாட்ட மறுபடி வெகுநேரம் ஆனது. அவள் அந்த உப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் சித்திரையில் அவருக்கு மூச்சு வாங்கியது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். கிரியேட்டினின், ரத்தத்தில் தங்கிவிட்ட கழிவின் அளவு, பதினொன்று. ஒன்றே கால் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. டாக்டர் சின்ன வயசுக்காரர், முகத்தைப் பார்த்துப் பேசினார். "இது ஒரு வருஷமாவே இருந்திருக்கும்மா. முன்னாடியே வந்திருந்தா தள்ளிப்போட்டிருக்கலாம்." இசைவாணி தலையை ஆட்டினாள். அப்புறம் எதையோ தேடிப் படித்தபோது, சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்திலும் செல்கள் முள் முள்ளாக நிற்கும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டாள். ஆனியில் அவர் போய்விட்டார். மூட்டை தூக்கிய வலிக்குத் தினமும் போட்ட மாத்திரையா, கம்பெனிக் காற்றா, சும்மா வந்ததா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியிருந்தது ஒன்றே ஒன்றைத்தான்: அன்றைக்கு முள்ளாக நின்றது உப்பாலா, அவராலா?

தெரிந்துகொள்ளும் வழி இந்த அறையிலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் அடுத்தவர் ரத்தத்தைத் தொடும் முன், கருவியை ஓட்டுகிறவர் தன் விரலில் குத்தித் தன் ரத்தத்தை வைத்துத்தான் லேசரையும் கேமராவையும் சரிசெய்ய வேண்டும். கொடுக்க வந்தவர் ரத்தம் வீணாகக் கூடாது என்று ராமாமிர்தம் வைத்த ஒழுங்கு அது. ஆரிபா அதற்குப் போணி என்று பெயர் வைத்தாள். அவள் வாப்பா பரங்கிப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், போணி ஆகாமல் காலையில் டீகூடக் குடிக்க மாட்டார். போணியில் வரிகள் நேராக நிற்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார்கள். கணக்குப் போட்டுச் செல்லைப் பார்ப்பதில்லை. ஆனால் கேமரா ஓடும்; கோப்பு கணினி வட்டில் விழும்; கிடக்கும்.

அந்தச் சனிக்கிழமைப் போணி இசைவாணியின் ரத்தம். அதே உப்புத் தண்ணீர், அதே கண்ணாடிப் பெட்டி, ஒரு மணி நேர வித்தியாசம். அவள் செல்லும் முள்ளாக இருந்தால் உப்புதான் காரணம். அவள் செல் வழவழவென்று இருந்தால் உப்பு சரியாக இருந்தது. அப்போது அப்பாவின் நோய் சித்திரைக்கு எட்டு மாதம் முன்னாலேயே அவள் கண்ணெதிரே திரையில் நின்றிருக்கிறது. அவள்தான் அதைத் தொட்டியில் கொட்டிக் கழுவியிருக்கிறாள்.

அன்று, புதன்கிழமை, அவள் வட்டைத் திறக்கவில்லை. லென்ஸ்களைத் துடைத்தாள். காற்று இறங்கியிருந்த டியூபுக்குக் காற்றடித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆரிபா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டு நாளா அந்தத் தாள வெச்சிக்கிட்டு என்னாடி பண்ற?"

"ஏழாம் நம்பர் எங்கப்பா."

"தெரியும். நான்தான் அவருக்கு டீ வாங்கியாந்தேன்."

"உப்பான்னு பாக்கணும்."

ஆரிபா மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "போணி," என்றாள்.

"ம்."

"நான் தொறந்து பாக்கட்டுமா? பாத்துட்டு ஒனக்குச் சொல்லாமகூட இருக்கேன். சார்கிட்ட மட்டும் சொல்றேன்."

"வேணாம்."

"அழிச்சிடவா?"

"அழிச்சா கைய ஒடைப்பேன்."

"அப்ப தின்னுட்டு நீயே பாரு," என்றாள் ஆரிபா. "பாக்காமலே வெச்சிருந்தா அது பாட்டுக்கு உள்ள கெடந்து குட்டி போடும்."

ஆரிபா வெளியே போய்விட்டாள். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

இசைவாணி கோப்பைத் திறந்தாள். வரிகள். சாம்பல் நிறத்தில், வேறொன்றுமில்லை. தூரம் பன்னிரண்டு என்று கொடுத்தாள். மங்கல். பதிமூன்று. மங்கல். பதிமூன்றரை கொடுத்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து வந்தன. வழவழவென்று, நடுவில் பள்ளத்தோடு, ஒரு முள்கூட இல்லாமல். எண்ணினாள். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினாள். நாற்பத்து மூன்றும் வழவழ.

உப்பு சரியாக இருந்தது. லிட்டருக்கு ஒன்பது கிராம், அவள் நிறுத்த நிறுவை சரியாகவே இருந்தது. அவள் அந்த வேலையில் தப்புச் செய்கிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். கருவியில் கோளாறு, கண்ணாடியில் கோளாறு, தண்ணீரில் கோளாறு, தன்னில் கோளாறு என்று எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரைச் சந்தேகப்பட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏழாம் எண்ணைத் திறந்தாள். அதே தூரம். முள் முள்ளாக அப்பா எழுந்து வந்தார். முப்பது விநாடிப் படம். செல்களின் ஓரம் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது; உயிருள்ள செல் அப்படித்தான், சும்மா இருக்காது. பத்தொன்பதாவது விநாடியில் படம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது. அன்றைக்குப் போன ரயில். முப்பதாவது விநாடியில் நின்றது. மறுபடி ஓட்டினாள். ரயில் மறுபடி போனது.

கண் வறண்டிருந்தது. நோட்டை எடுத்து, 'உப்புக் கரைசல் தவறு' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். அடியில் தேதி போட்டு, 'உப்புக் கரைசல் சரி' என்று எழுதினாள்.

மறுநாள் ராமாமிர்தத்தின் முன்னால் நாலு வரி அச்சடித்த தாளை வைத்தாள். ஏழாம் நபரின் செல்கள் முள்வடிவில் இருந்தன. அன்றைய கரைசல் சரியாக இருந்ததற்கு ஆய்வாளரின் சொந்த ரத்தப் பதிவு சாட்சி. அந்த நபருக்குச் சிறுநீரக நோய் இருந்தது பின்னால் தெரியவந்தது. அவர் இறந்துவிட்டார்.

ராமாமிர்தம் இரண்டு தடவை படித்தார். "இது யாரு?"

"எங்கப்பா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப இன்னும் சிக்கல்மா. நோயில்லாதவங்கன்னு சொல்லி நோயாளிகிட்ட எடுத்திருக்கீங்க, படத்துல தெரிஞ்சும் சொல்லலன்னு காலேஜ் எதிக்ஸ் கமிட்டி கேக்கும். உப்புன்னு போட்டா யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"உப்பு சரியா இருந்துது சார்."

"எனக்குப் புரியுது. ஆனா இது பொய்யில்லம்மா. சௌகரியத்துக்கு ஒரு வரி."

"அதுக்குப் பேருதான் சார் பொய்யி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரல் உயரவில்லை. வழக்கமாக உயரும். அந்த அறையில் அவளோடு நாலு வருஷம் இருந்தவர், குரல் உயராததைப் பார்த்துத்தான் பயந்தார் போலிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவால் கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்தார்.

"எறந்துட்டாருங்கிறது கேள்விக்கு பதில் இல்ல. அத எடுத்துடலாம். மத்தது அப்படியே போகட்டும். கமிட்டி கேட்டா நான் பேசிக்கறேன்."

"சரி சார்," என்றாள். அவர் சொன்னது நியாயம்தான். ஒருவர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறாரா என்று கேட்கவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது மங்கலம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சித்திரையிலிருந்து அந்த வீட்டில் உப்பில்லாத சமையல். அவருக்கு ஆகாது என்று நிறுத்தியது. அவர் போன பிறகும் மங்கலத்தின் கை உப்பு ஜாடிப் பக்கம் போகவில்லை. இசைவாணியும் கேட்கவில்லை. இருவரும் மூன்று மாதமாக அப்படியே தின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா. அத்த கேட்டுதே."

"என்னா கேட்டா?"

"ரத்தத்துல ஒண்ணும் தெரியலியான்னு. தெரிஞ்சுதும்மா. போன ஆவணியிலயே. நான் உப்பு ஜாஸ்தின்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்."

மங்கலம் பானையைச் சாய்த்தபடியே இருந்தாள். கஞ்சி சொட்டி முடிந்தது. பிறகு பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அதுக்கு முந்தி ஆடியிலயே அவருக்குக் காலு வீங்குச்சு. கம்பெனி பூட்ஸு ஏறல. பெரிய சைஸு கேட்டு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குனாரு. நானும் உப்பு ஜாஸ்தின்னுதான் நெனச்சேன். கருவாட்ட நிறுத்துனேன். ரெண்டு நாளு வடிஞ்சாப்புல இருந்துது, மறுபடி வீங்குச்சு."

இசைவாணிக்கு வாசலில் குனிந்து செருப்போடு போராடிய வெள்ளைச் சட்டை முதுகு தெரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு பாத்தேன். அவுருதான் வாணாம்னாரு. 'கேட்டா பாப்பா, டாக்டருக்கு படிக்கலன்னு கத்தும், வுடு'ன்னாரு." மங்கலம் தட்டை எடுத்து வைத்தாள். குரலில் குற்றம் இல்லை; பால்காரன் வந்தானா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "ஒன்ன ரத்தம் எடுக்க வுட்டதே அதுக்குத்தான். கேக்காமலே எதுனா தெரிஞ்சா அதுவே சொல்லும்னாரு."

இசைவாணி தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, ரசம் விழுந்தது. சாப்பிட்டாள். முழுக்கச் சாப்பிட்டாள். கை கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

"அது இன்னும் இருக்கா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"எது?"

"அவரு ரத்தம். படம்."

"இருக்கு."

"அசையுமா?"

"முப்பது செகண்டு."

"நாளைக்கி நான் வர்றேன்," என்றாள் மங்கலம்.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். ஆய்வுக்கூட வாசலில் மங்கலமும் செருப்பைக் கழற்றினாள். ஆரிபா இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இசைவாணி முதலில் தன் செல்களைக் காட்டினாள். பிறகு அவருடையதை. மங்கலம் முப்பது விநாடியும் கண் சிமிட்டாமல் பார்த்தாள்.

"குத்துமா அது?"

"எது?"

"முள்ளு. உள்ள குத்தியிருக்குமா அவுருக்கு?"

"தெரியாதும்மா. குத்தாதுன்னுதான் நெனைக்கறேன்."

"இன்னொரு தரம் போடு."

போட்டாள். நடுக்கம் வந்தபோது மங்கலம் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ரயிலும்மா. அன்னிக்கிப் போனது," என்றாள் இசைவாணி. மங்கலம் கையை எடுத்துக்கொண்டாள்.

படம் நின்றது. இசைவாணி அம்மாவின் கால்களைப் பார்த்தாள். வெறும் கால்கள், தரையில், ஒன்றன்மேல் ஒன்று போட்டபடி. குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். வீங்கிய காலில் பள்ளம் அப்படியே நிற்கும்; இது உடனே மேலே வந்துவிட்டது.

"என்னாடி பண்ற?"

"சும்மா இரும்மா."

அவள் எழுந்து உப்பு நிறுத்தாள். ஒன்பது கிராம். இன்னொரு தடவை நிறுத்தாள். கரைத்தாள். தன் விரலில் குத்தி, தன் ரத்தத்தை வைத்து, வரிகளை நேராக்கினாள். பிறகு இந்த அறையில் யாரும் செய்யாததைச் செய்தாள்: போணிக்குக் கணக்குப் போட்டாள். வழவழ. அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் அம்மாவின் விரலைப் பிடித்தாள்.

"எனக்கு எதுக்குடி?"

"கைய நீட்டு."

குத்தியதும் மங்கலம் "ஸ்" என்றாள். வரிகள் விழுந்தன. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிகள் ஆடி, ஆடி, அடங்கின.

அம்மாவின் செல்கள் வழவழவென்று எழுந்து வந்தன. ஆரிபா பெருமூச்சு விட்டாள்.

"எப்பிடி இருக்கு?"

"வழவழன்னு இருக்கு."

"அப்ப ஒண்ணும் இல்லியா?"

இசைவாணி லேசரை அணைத்தாள். "இது டாக்டர் மிஷின் இல்லம்மா. இதுல இல்லன்னா இல்லன்னு அர்த்தம் கெடையாது. எந்திரி. மேல வீதியில ரத்தம் டெஸ்ட் பண்ற எடம் இருக்கு, கிரியேட்டினின் பாத்துட்டு வூட்டுக்குப் போவலாம்."

"இப்பத்தான குத்துன. மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"ஒனக்கும் பாக்கணும்," என்றாள் மங்கலம். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். உடனே மாட்டிவிட்டது. இசைவாணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைப் பூட்டினாள்.